இரண்டு விசில்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு அறுபத்திரண்டு ஆக இன்னும் பதினொரு நாள் இருந்தது.

குருவின் பெயர் பெர்னதெத். கடற்கரையில் ஆட்களைப் பாராசூட்டில் பறக்கவிடுவது அவர் வேலை. கரையில் நிற்பவர் உடம்பில் வார் கட்டி, வாரிலிருந்து நீளமான கயிற்றைக் கடலில் நிற்கும் படகில் மாட்டுவார்கள். படகு கிளம்பும்போது ஆள் மணலில் ஓட வேண்டும். எட்டு ஒன்பது அடி ஓடுவதற்குள் கால் மண்ணை விட்டுவிடும். பிறகு வானம்தான்.

சீடரின் பெயர் கொம்பையா. முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர்.

ஓய்வு பெற்ற அன்று அவர் கழுத்தில் மாலை போட்ட டிரைவர் அவரிடம் கேட்டார். "ஊரையெல்லாம் ஏத்தி அனுப்பினீரே, நீரு எங்கவே போனீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றும்போது யோசித்தார். பஸ்ஸில் கடைசியாக ஏறியது அவர். கடைசியாக இறங்கியதும் அவர். நின்றது பின்வாசலில். முப்பத்திரண்டு வருடமும் அவர் பார்த்தது, பஸ் தாண்டி வந்துவிட்ட சாலையை.

அந்தக் கேள்வி அவருக்குள் இரண்டு வருடம் கிடந்தது. இந்தக் கடற்கரையைப் பற்றி ஒருவர் சொன்னதும், மனைவி பேச்சித்தாயை அழைத்துக்கொண்டு நான்கு நாள் தங்க வந்துவிட்டார்.

முதல் மூன்று நாளும் அவர் ஏறவில்லை. மணலில் உட்கார்ந்து மற்றவர்கள் பறப்பதைப் பார்த்தார். பறக்கப் போகிறவர்களுக்குக் குரு பாடம் சொல்லும்போது பக்கத்தில் போய் நின்று கேட்டார். மூன்றாம் நாள் மாலை, "பாடம் முழுக்க மனப்பாடம். இனிமே நீதான் தாயி எனக்குக் குரு" என்றார்.

"கேட்டாப் போதாது அண்ணாச்சி. ஏறணும்" என்றார் குரு.

நான்காம் நாள் விடிந்தது. கடற்கரையில் ஒரு பலகை இருந்தது. அறுபத்திரண்டு வயது ஆனவர்களுக்கு அனுமதி இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அன்றோடு பறக்கும் காலமும் முடிகிறது. கடல் அமர்ந்து மறுபடி தொடங்க நான்கு மாதம் ஆகும். கொம்பையாவுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். இன்று ஏறவில்லை என்றால் என்றைக்கும் இல்லை.

காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பழைய காக்கிக் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"மூணு நாளா எண்ணிட்டேன். முத நாள் பதினாலு பேர். ரெண்டாம் நாள் பதினாறு. நேத்து பதினொண்ணு. ஏறினது நாப்பத்தொண்ணு, இறங்கினதும் நாப்பத்தொண்ணு. ஒரு தலை குறையலை."

"சரி."

"அப்புறமும் கால் நடுங்குது. இன்னும் எத்தனை தலை எண்ணினா இது நிக்கும்?"

குரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து அவர் தலைவழியாக மாட்டினார்.

பேச்சித்தாய்தான் சொன்னாள். "பயம் எங்கயும் போகாது. அதுக்கும் ஒரு சீட்டைக் கிழிச்சுக் குடுத்து ஏத்திக்கிடுங்க."

"ஏளா, நீ சும்மா இரி."

குரு வாரை இறுக்கினார். கழுத்தில் கிடந்த விசிலைத் தூக்கிக் காட்டினார்.

"படகுக்குக் கொடி. உங்களுக்கு விசில். ஒரு விசில் அடிச்சா ஓடணும். மேல போன பிறகு ரெண்டு விசில் அடிப்பேன். அப்போ வலது கைப்பக்கம் இருக்கிற சிவப்புப் பட்டையை இழுக்கணும். கரைக்கு வந்து இறங்கிருவீங்க. சொல்லுங்க பாப்போம்."

"ஒண்ணுன்னா ஓடணும். ரெண்டுன்னா சிவப்புப் பட்டை."

"அவ்வளவுதான்."

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் பாராசூட்டின் இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தார்கள். குரு பச்சைக் கொடியை உயர்த்தினார். படகு உறுமியது. ஒரு விசில் அடித்தார்.

கொம்பையா நின்றார்.

சும்மா நிற்கவில்லை. இரண்டு குதிகாலையும் மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றார். கயிறு விறைத்தது. அவர் முகம் குப்புற விழுந்து ஆறடி தூரம் இழுபட்டார். குரு சிவப்புக் கொடியைக் காட்டிப் படகை நிறுத்தினார்.

"என்ன, டயர் பஞ்சரா?" என்றாள் பேச்சித்தாய்.

கொம்பையா எழுந்து உட்கார்ந்து வாயிலிருந்த மணலைத் துப்பினார்.

குரு கேட்டார். "ஏன் அண்ணாச்சி நின்னீங்க?"

"நீதானே விசில் அடிச்ச?"

"ஓடத்தானே அடிச்சேன்?"

"ஒரு விசில் அடிச்சா எப்படித் தாயி ஓட முடியும்? ஒரு விசில்னா வண்டியை நிறுத்தணும். ரெண்டு விசில்னாத்தான் போகணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. பாராசூட்டைப் பிடித்திருந்த இரண்டு பேரும் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"அப்போ எனக்கு மட்டும் ரெண்டு அடி தாயி" என்றார் கொம்பையா.

"கீழ ரெண்டு அடிச்சா ஓடுவீங்க. மேல போன பிறகு ரெண்டு அடிப்பேன். அப்பவும் ஓடுவீங்க. வானத்துல எங்க ஓடுவீங்க?"

கொம்பையா எழுந்து காக்கியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

ஒரு ஆளுக்கு மூன்று தடவைதான் என்பது அந்தக் கரையின் வழக்கம். மூன்றிலும் எழும்பாத ஆளை வாரைக் கழற்றி அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை போயிற்று.

அவருக்குப் பின்னால் வந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். எட்டுப் பேர் பறந்து இறங்கினார்கள். அதுவரைக்கும் கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். "ஒண்ணுன்னா ஓடணும். ஒண்ணுன்னா ஓடணும்." அந்த எட்டுத் தலையை மட்டும் அவர் எண்ணவில்லை. பேச்சித்தாய் எண்ணினாள்.

மறுபடி நின்றார். பச்சைக் கொடி. ஒரு விசில்.

ஓடினார். ஓடினதை எல்லோரும் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பாராசூட் தலைக்கு மேல் விரிந்து நிமிர்ந்தது. பேச்சித்தாய் எழுந்து நின்றாள்.

ஐந்தாவது அடியில் கொம்பையா திரும்பிப் பார்த்தார்.

தோள் திரும்பியதும் வார் முறுக்கிக்கொண்டது. பாராசூட் ஒருபக்கம் சரிந்து அலையில் விழுந்தது. கொம்பையா இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். ஒரு அலை வந்து அவர் தலைக்கு மேல் போயிற்று.

குரு தண்ணீருக்குள் நடந்து போய்க் கை கொடுத்துத் தூக்கினார்.

"எதுக்குத் திரும்பிப் பாத்தீங்க?"

கொம்பையா வெட்கத்தோடு சொன்னார். "யாராவது ஏறாம நின்னுட்டாங்களோன்னு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மணி பத்தே முக்கால். பதினொன்றுக்கு மேல் காற்று திரும்பிவிடும். அதற்குப் பிறகு படகு கிளம்பாது. படகை ஓட்டிய குருவின் அண்ணன் தூரத்திலிருந்து கையை வீசிக் கேட்டார், போதுமா என்று. குரு அவரைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினார்.

ஈரக் காக்கியோடு கொம்பையா மணலில் உட்கார்ந்தார்.

"முப்பத்திரண்டு வருசப் பழக்கம். கால் மணி நேரத்துல எப்படிக் குருவே மறக்கும்?"

"பஸ்ல எப்போ திரும்பிப் பாப்பீங்க?" என்று கேட்டார் குரு.

"விசிலுக்கு முன்னாடி. ஏறுறவங்க ஏறியாச்சா, இறங்குறவங்க இறங்கியாச்சான்னு ஒரு பார்வை. ஒரு பொம்பளை ஓடி வந்துகிட்டு இருப்பா. கைப்பிள்ளைக்காரி ஒத்தக் கால் மட்டும் படியில வச்சிருப்பா. அதையெல்லாம் பாத்தப்புறம்தான் வாயில விசிலை வைப்பேன்."

"அடிச்ச பிறகு?"

"அடிச்ச பிறகு என்னத்தைப் பாக்க? அது போயாச்சு."

குரு தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"நானே அடிக்கணுமா?"

"அடிங்க. நீங்க அடிச்சதும் நான் பச்சையைக் காட்டுதேன்."

"ஒண்ணா, ரெண்டா?"

"அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டுக் குரு கொடிகளை எடுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போனார்.

கொம்பையா நின்றார். கயிற்றை மாட்டினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். நன்றாக, நிதானமாக. பாராசூட்டைப் பிடித்திருந்த இரண்டு பேர். கொடியோடு குரு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேச்சித்தாய். நாலு தலை. யாரும் ஓடி வந்துகொண்டிருக்கவில்லை. எல்லாம் சரி.

முன்பக்கம் திரும்பினார். விசிலை வாயில் வைத்தார்.

பீ, பீ.

பச்சைக் கொடி உயர்ந்தது. படகு பாய்ந்தது. அவர் கால் அவரைக் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு. ஏழு. எட்டாவது அடியை வைத்தார். அங்கே மணல் இல்லை.

பேச்சித்தாய் கத்தினாள். "ஐயையோ, போறாரு! போறாரு பாரு தாயி!"

கால் இரண்டும் காற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கீழே அலை ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கியது. பனைமரத்தின் தலையை அவர் வாழ்க்கையில் முதன்முறையாக மேலிருந்து பார்த்தார். முன்னால் கண்ணாடி இல்லை, டிரைவர் இல்லை, தாண்டி வந்த சாலை இல்லை. எதிரே கடல் மட்டும் அவரைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது.

எண்ணத் தொடங்கினார். கரையில் கிடந்த வள்ளங்கள் ஏழு. காய்ந்த வலைகள் நான்கு. கோயில் கோபுரம் ஒன்று, மாதா கோயில் கோபுரம் ஒன்று. பனை பத்து, பதினைந்து, பத்தொன்பது. அதற்கு மேல் விட்டுப்போயிற்று. எங்கே விட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

விசில் இன்னும் வாயில்தான் இருந்தது. அவர் சிரிக்கச் சிரிக்க அதுவும் சேர்ந்து கூவியது. பீ பீ பீ பீ என்று வானத்திலிருந்து சத்தம் வந்தது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள்.

"இவ்வோளுக்குப் பிரேக் பிடிக்கலை" என்றாள் பேச்சித்தாய், மேலே புருஷனைக் காட்டி. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது.

படகு வளைந்து கரைப்பக்கம் திரும்பியது. இறங்கும் இடம் நெருங்குகிறது என்று கொம்பையாவுக்குத் தெரிந்தது. நாற்பத்தொரு தடவை பார்த்த இடம். சிவப்புப் பட்டையில் கையை வைத்துக்கொண்டு விசிலுக்குக் காதைக் கொடுத்தார்.

காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

கீழே பார்த்தார். குரு மிளகாய்ப்பழம் அளவுக்குத் தெரிந்த சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். விசில் வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கரையில் விசில் இல்லை. இருந்த ஒரே விசில் அவர் வாயில்.

மறுபடி கீழே ஒரு பார்வை பார்த்தார். இறங்கும் இடத்தில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. பேச்சித்தாய் ஓரமாகத்தான் நின்றாள்.

ஒரு விசில் அடித்தார். பட்டையை இழுத்தார்.

பாராசூட் வலப்பக்கம் சாய்ந்து, கடலை விட்டுக் கரைக்கு வந்து, மெதுவாக இறங்கியது. கால் மணலைத் தொட்டது. தொட்டதும் அவர் ஐந்தடி ஓடினார். ஆறாவது அடியில் நின்றார். விழவில்லை.

பேச்சித்தாய் ஓடி வந்து அவர் கை, கால், முகம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். "இன்னைக்கு ஏறினது ஒம்பது, இறங்கினதும் ஒம்பது. கணக்கு சரிதானே?" என்றாள்.

கொம்பையா தலையை ஆட்டினார்.

வாரைக் கழற்றியபிறகு, விசிலைத் துண்டால் துடைத்துக் குருவிடம் நீட்டினார்.

"குருவே, கடைசியா ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"விசிலை எங்கிட்டக் குடுத்துட்டியே. நான் இறங்குறதுக்கு மேல யாரு விசில் அடிப்பான்னு நீ நினைக்கலையா?"

குரு விசிலை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"முப்பத்திரண்டு வருசமா யாரு அண்ணாச்சி அடிச்சா?"