இளஞ்சூட்டுக்கு ஒரு செப்பேடு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்குச் சொன்னவரே அதைச் சொல்லவில்லை, செண்பகபூபதி என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் அவர் பக்கத்தில் யாரும் போகக்கூடாது.

அவருக்கு வெந்நீர் விளாவிக் கொடுப்பவன் வீரணன். கொதிக்கிற நீரில் கிணற்று நீரைக் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்து, "இளஞ்சூடு மகாராஜா" என்பான். ஒரு சனிக்கிழமை முதல் செம்பு மேலே பட்டதும் ராஜா, "ஐயோ, வேகிறதே!" என்று குதித்தார். அடுத்த சனிக்கிழமை, "பச்சைத் தண்ணீரையா ஊற்றுகிறாய்?" என்று பல்லைக் கடித்தார்.

தலை ஈரம் காயுமுன் சபையைக் கூட்டினார்.

"இளஞ்சூடு என்ற சொல் எங்கே பிறந்தது? அதற்குப் பொருள் என்ன? செப்பேட்டில் பொறிக்க வேண்டும். இளஞ்சூட்டில் பிசகுகிறவன் எவனானாலும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். முதலில் வீரணன்!"

சபைப் புலவர் அகண்டேசர் எழுந்தார். போன மாதம் ராஜா தம் பட்டுச் சால்வையை சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் பூவராகனுக்குப் போர்த்தியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மகாராஜா, எல்லாம் தெரிந்த பூவராகன் இருக்கிறாரே! நாளை அவரே பொருள் சொல்லட்டும். சொல்லத் தவறினால் வீரணனோடு அவரும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

வீரணன் பூவராகன் வீட்டுக்கு ஓடினான். "சாமி, எம் பொஞ்சாதி பிள்ளை பெத்து ஒன்பது நாள்தான் ஆகுது. பச்சை உடம்புக்காரியைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?" என்று தேம்பினான்.

பூவராகன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அழாதேடா. ராஜா குளிக்க எங்கிருந்து வந்தார், அதைச் சொல்லு."

"போன வாரம் மழையில தொப்பலா நனைஞ்சு வந்தாருங்க. இன்னிக்கு வெயில்ல பந்தாடிட்டு நேரா வந்தாரு."

"அட, அவ்வளவுதானா!" பூவராகன் துள்ளி எழுந்தார். "காலையில மூணு அண்டா கொண்டா."

மறுநாள் சபை நடுவே மூன்று அண்டாக்கள் நின்றன. ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர். ஒன்றில் மண்பானையில் குளிர்ந்த நீர். நடுவில் வீரணன் விளாவியது.

"மகாராஜா, வலக்கை வெந்நீரில், இடக்கை குளிர்நீரில். புலவர் தங்கள் புகழ்ப்பாட்டு ஒன்றைப் பாடி முடிக்கும்வரை எடுக்கக்கூடாது."

அகண்டேசருக்கு ஒரே பெருமை. இழுத்து இழுத்துப் பாடினார். பாட்டு ஒருவழியாக முடிந்தது.

"இப்போது இரண்டு கையையும் நடு அண்டாவில் விடுங்கள்."

விட்டார். "ஆ, சில்லென்று இருக்கிறது! இல்லை, சுடுகிறது! என்னய்யா இது, வலக்கைக்குக் குளிர்கிறது, இடக்கைக்குச் சுடுகிறது!"

"ஒரே அண்டா, ஒரே நீர் மகாராஜா. இரண்டில் ஒரு கை பிசகுகிறது. எவனானாலும் வெளியேற வேண்டும் என்பது தங்கள் கட்டளை. வாசலில் வண்டி பூட்டி நிற்கிறது. எந்தக் கையை அனுப்பலாம்?"

ராஜா வலக்கையைப் பார்த்தார், இடக்கையைப் பார்த்தார். திடீரென்று அவர் தொந்தி குலுங்கியது. "அடப்பாவி! எந்தக் கையை அனுப்பினாலும் நானும் அல்லவா கூடப் போக வேண்டும்!" கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அந்தச் சொல் தோலில் பிறந்தது மகாராஜா. நனைந்து வந்த தோலுக்கு ஒரு பொருள், வெயிலில் காய்ந்த தோலுக்கு வேறு பொருள். வீரணன் இரண்டு வாரமும் ஒரே பதமாகத்தான் விளாவினான்."

ராஜா தம் கைக்காப்பைக் கழற்றிப் பூவராகனுக்குப் போட்டார். வீரணனின் மனைவிக்கு ஒரு குடம் நெய் போயிற்று. வீரணன் வாய்விட்டு அழுதான், இந்த முறை சந்தோஷத்தில்.

"செப்பேடு தட்டி வைத்தாயிற்றே, அதில் எதைப் பொறிப்பது?" என்று அகண்டேசர் முனகினார்.

"ஒன்றும் வேண்டாம். குளிக்கச் செம்பாக அடித்துக் கொடுங்கள்" என்றார் ராஜா.

அடுத்த சனிக்கிழமை வீரணன் அந்தப் புதுச் செம்பில் மொண்டு, முதலில் ராஜாவின் பாதத்தில் ஊற்றி, "பதம் போதுமா மகாராஜா?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் விளாவு" என்றார் ராஜா, சிரித்துக்கொண்டே.