ராணி போட்ட மணத்தக்காளி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் வாய்ப்புண் வந்துகொண்டிருந்த நாட்களில், மகுடவர்மன் என்றொரு அரசன் இருந்தான். அவன் வாயெல்லாம் புண். பால்கூட எரிந்தது. வைத்தியர் மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்து கொடுத்தார். ஒரு வாய் வைத்துவிட்டு அரசன் கிண்ணத்தைத் தள்ளினான்.

"இது வேண்டாம். காலஞ்சென்ற ராணி தன் கையால் விதை போட்டாளே, அந்தச் செடியின் கீரை வேண்டும்."

சபை திருதிருவென்று விழித்தது. அரண்மனைக் கொல்லையில் ராணி குழல்வாய்மொழி வளர்த்த மணத்தக்காளியை, அவள் உயிரோடு இருக்கும்போதே அரசன் பிடுங்கச் சொல்லி ரோஜாத் தோட்டம் போட்டுவிட்டான். முன்னின்று பிடுங்கியவர் பிரதானி விருபாட்சர்.

அதே பிரதானிதான் இப்போது எழுந்தார். "மன்னா, இது விகடர் திருமேனியால் மட்டுமே ஆகக்கூடிய காரியம். வேறு செடியைக் காட்டி ஏமாற்றினால் அவரை நாடு கடத்திவிடலாம்." அரசன் திருமேனிக்குக் கொடுத்திருந்த செல்லம் பிரதானிக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

அரசன் தலையாட்டினான். திருமேனிக்கு நாடு கடத்தலைவிட வேறொன்று உறுத்தியது. செடிகளைப் பிடுங்கிய அன்று, "நம் அரண்மனையில் குப்பைகூடத் தானாக முளைக்கிறது" என்று அவன்தான் கிண்டலடித்தான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராணியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, மண்ணாயிருந்த கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். ஏன் சொன்னோம் என்று அவன் வருந்தாத நாளில்லை.

"ஒரே ஒரு உத்தரவு வேண்டும் அரசே," என்றான். "மழைக்காலம் முடியும்வரை ரோஜாத் தோட்டத்தில் யாரும் ஒரு வேலையும் செய்யக் கூடாது. நானும்தான்."

உத்தரவு கிடைத்தது. திருமேனி தினமும் தோட்டத்து வாசலில் பாய் விரித்துப் படுத்தான். "விகடர் அங்கே குறட்டைதான் வளர்க்கிறார்" என்று பிரதானி போய்ப் போய் வத்தி வைத்தார்.

மழை நின்றதும் அரசனே வந்தான். "என்ன செய்தாய்?"

"சும்மா இருந்தேன் அரசே. இங்கே அது ஒன்றைத்தான் யாரும் செய்து பார்க்கவில்லை." திருமேனி கதவைத் திறந்தான்.

ரோஜாக்களுக்கு நடுவே மணத்தக்காளி இடுப்புயரம் நின்றது. கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம்.

"பறவை எச்சத்தில் வந்தது," என்றார் பிரதானி.

"ரோஜா நேர் வரிசையில் நிற்கிறது. இது வளைந்து வளைந்து போகிறதே. பறவை கோலம் போடுமா பிரதானியாரே?"

அரசன் அந்த வளைவைப் பார்த்தான். கிணற்றடியிலிருந்து ராணி தானே மண்வெட்டி பிடித்து இழுத்த வாய்க்கால் அது. நேராக வெட்டத் தெரியாமல் கோணிப்போனது. அதன் கரையில்தான் அவள் விதை தூவியிருந்தாள்.

"இத்தனை வருஷம் ஏன் முளைக்கவில்லை?"

தோட்டக்காரன் மாடசாமி தலையைச் சொறிந்தான். "வருசா வருசம் மழைக்கு மொளைக்கத்தான் செய்யும் மகராசா. களைன்னு பிடுங்கிருவோம். ஒங்க உத்தரவுன்னு பிரதானி ஐயா சொன்னாக."

பிரதானிக்கு முகம் வெளுத்தது. அரசன் அவரைப் பார்க்கவே இல்லை.

"உத்தரவு என்னுடையதுதான். வருஷா வருஷம் அவள் வந்திருக்கிறாள். வருஷா வருஷம் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்."

பிறகு, "சும்மா இருந்தே என்னை ஜெயித்துவிட்டாயே" என்று சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது. வாய்ப்புண் எரிகிறது என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

அவன் கழற்றி நீட்டிய முத்துமாலையைத் திருமேனி வாங்கவில்லை. "ஒரு கைப் பழம் போதும் அரசே, என் வீட்டுக் கொல்லையில் போட."

"உனக்கும் வாய்ப்புண்ணா?"

"ஆமாம் அரசே. ராணியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அன்று வந்தது, இன்னும் ஆறவில்லை."

அரசன் குனிந்து தானே பறித்தான். மண் படிந்த கையை அவன் மறைத்துக்கொள்ளவில்லை. திருமேனி பழங்களைத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனான்.