விட்டத்தில் பரிமாறிய சாலட்

அசமந்தூரில் இருப்பவர்கள் எல்லாருமே முட்டாள்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேசிக்கொள்வார்கள். அது அநியாயம். அந்த ஊரில் ஏழு எருமைகளும் இருந்தன. மழை வந்தால் அவை தாமாகவே கொட்டகைக்குள் போய்விடும்.

மனிதர்கள் விஷயம் வேறு. எழுதியிருப்பதில் ஒரு வரி படிப்பார்கள், அதைச் செய்து முடிப்பார்கள், அதற்குப் பிறகுதான் அடுத்த வரியைப் படிப்பார்கள். அவசரப்பட்டு அடுத்த வரியைப் படிப்பது, பந்தியில் பக்கத்து இலையை எட்டிப் பார்ப்பதைப் போன்ற அநாகரிகம் என்பது அவர்கள் எண்ணம். அதில் பெருமை வேறு!

இந்த ஊர்த் தாண்டவராயனுக்கு ஒரே ஒரு கவலை. மகள் செண்பகவடிவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக, மேலக்கரை சங்கரபாண்டியன் தன் மகனுக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் இயற்கை உணவுக்காரர். அடுப்பில் ஏறிய எதையும் சாப்பிடமாட்டார். வியாழக்கிழமைகளில் மௌன விரதம், ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் வருவதாகச் சொன்னதும் ஒரு வியாழக்கிழமைதான்.

அன்று காலையில் அவர் வீட்டிலிருந்து ஒரு ஃபுட் பிராசசர் வந்து இறங்கியது. காய்கறிகளைப் பொடிப்பொடியாக நறுக்கும் மெஷின். சாலட் செய்யும் முறையை எழுதிய ஒரு சீட்டும் கூடவே வந்தது.

"இந்த இடமாவது அமையணும் மச்சான்" என்றார் தாண்டவராயன். "மனுஷன் ஒரு கிண்ணம் சாலட் திருப்தியா சாப்பிட்டுட்டா, கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்."

"சீட்டு இருக்க பயமென்ன அத்தான்?" என்றார் கொண்டல்சாமி. இவர் தாண்டவராயனின் மனைவிக்குத் தம்பி, ஊரிலேயே படித்தவர் என்று பெயர். எழுத்துகள் அவர் கண்ணுக்குள் நுழையும், வாய் வழியாக வெளியே வரும். நடுவில் எங்கேயும் தங்காது.

யோசனை சொல்லத் தாண்டவராயனின் சித்தப்பா வன்னியப்பனும் வந்து உட்கார்ந்தார். அந்த வீட்டில் இதுவரை நடந்த எல்லாக் குழப்பத்துக்கும் யோசனை சொன்னவர் அவர்தான்.

கொண்டல்சாமி முதல் வரியைப் படித்தார். "காய்கறிகளைக் கழுவி, ஈரம் சிறிதும் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்."

கழுவினார்கள். துணியால் துடைத்தார்கள். சித்தப்பா ஒரு வெள்ளரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ராயா, வெளியே காஞ்சிருக்கு. உள்ளே எப்படியோ?"

வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரே ஈரம்! தக்காளியை வெட்டினால் அது இன்னும் மோசம்.

"கடைக்காரன் நனைஞ்ச காயைத் தலையில கட்டிட்டான்" என்று பல்லைக் கடித்தார் தாண்டவராயன்.

செண்பகவடிவு தன் பழைய தாவணியைக் கொண்டுவந்தாள். மூன்று கிலோ வெள்ளரிக்காயையும் இரண்டு கிலோ தக்காளியையும் அதில் கட்டி, ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினார்கள். கடைசியில் ஒரு பிடித் தோல் மிஞ்சியது. ஈரமே இல்லை. அதை ஒரு எருமைக்கு முன்னால் போட்டார்கள். அது முகர்ந்து பார்த்துவிட்டு, தாண்டவராயனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, நகர்ந்துவிட்டது.

வெட்டினாலும் சொட்டாத காரட்டும் முட்டைக்கோசும் மட்டும் தப்பின.

"பெரிய துண்டுகளாக நறுக்கவும்" என்று இரண்டாவது வரியைப் படித்தார் கொண்டல்சாமி.

தாண்டவராயன் ஒரு காரட்டை இரண்டாக வெட்டினார். "இது பெரிசா?"

"வெட்டாம இருந்தப்ப இதைவிடப் பெரிசா இருந்துச்சே" என்றார் சித்தப்பா.

முழுக் காரட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்தார்கள், உண்மைதான். நறுக்க நறுக்கத் துண்டு சின்னதாகிக்கொண்டே போகிறது என்பதை அசமந்தூர் அன்றுதான் கண்டுபிடித்தது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, காரட்டில் காம்பை மட்டும் நறுக்குவது, முட்டைக்கோசில் ஒரே ஒரு இலையை நறுக்குவது, மிச்சமிருப்பதுதான் பெரிய துண்டு என்று முடிவாயிற்று.

மூன்றாவது வரி: "துண்டுகளை மெஷினில் போட்டு, விசையை அழுத்தவும்."

காரட்டுகள் உள்ளே போயின. முட்டைக்கோசு போகவில்லை. சித்தப்பா அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். போயிற்று. சித்தப்பாவை இறக்கிவிட்டுத் தாண்டவராயன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு விசையை அழுத்தினார்.

கர்ரென்று ஒரு சத்தம். கண்மூடித் திறப்பதற்குள் கிண்ணம் காலி. காரட்டும் கோசும் பொடிப்பொடியாகப் பறந்துபோய்ச் சுவரிலும் விட்டத்திலும் சித்தப்பாவின் வழுக்கையிலும் அப்பிக்கொண்டன.

"அடடா, என்ன பொடிசு! பல்லே இல்லாதவங்ககூடச் சாப்பிடலாம்" என்று தாண்டவராயன் விட்டத்தைப் பார்த்து வியந்தார்.

கொண்டல்சாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காவது வரியைப் படித்தார். "விசையை அழுத்துவதற்கு முன் மூடியை இறுக மூட மறக்க வேண்டாம்."

தாண்டவராயன் மூலையில் கிடந்த மூடியைக் கையில் எடுத்தார்.

"நாம மறந்துட்டோமா மச்சான்?"

"எப்படி அத்தான் மறக்க முடியும்? தெரிஞ்சிருந்தாத்தானே மறக்கிறதுக்கு!"

தாண்டவராயனுக்கு உயிர் வந்தது. காலிக் கிண்ணத்தை மூடியால் இறுக மூடினார்கள்.

ஐந்தாவது வரி: "சாலட்டைத் தாமதிக்காமல் பரிமாறவும்."

சரியாக அந்த நேரத்தில் சங்கரபாண்டியன் வாசலில் செருப்பைக் கழற்றினார். தாண்டவராயன் ஓடிப்போய் வரவேற்று, கூடத்தின் நடுவே புதுப் பாயை விரித்தார்.

"வாங்க, வாங்க! அப்படியே மல்லாந்து படுத்துக்கோங்க. வாயை மட்டும் திறந்து வெச்சாப் போதும். சாலட் மேலேயிருந்து ஒவ்வொண்ணா விழும்."

சங்கரபாண்டியன் மலைத்து நின்றார். ஏதோ ஆசன முறை போலும் என்று நினைத்துப் படுத்தும்விட்டார். ஒரு காரட் துணுக்கு விழுந்தது, மூக்கின்மேல்.

"கடைசியாக உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்க்கவும்" என்று ஆறாவது வரியைப் படித்தார் கொண்டல்சாமி.

தாண்டவராயன் ஒரு கை உப்பை அள்ளி விட்டத்தை நோக்கி வீசினார். சித்தப்பா எலுமிச்சம்பழத்தைக் குறிபார்த்துப் பிழிந்தார். இரண்டும் விட்டத்துக்குப் போகாமல் நேராகச் சங்கரபாண்டியனின் கண்களுக்குப் போயின.

மனிதர் துள்ளி எழுந்தார். திட்டுவதற்கு வாய் துடித்தது, விரதம் தடுத்தது. கொண்டல்சாமியின் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி, பின்பக்கம் இரண்டு வரி கிறுக்கி எறிந்துவிட்டு, மெஷினைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

"என்ன எழுதியிருக்கு மச்சான்?" தாண்டவராயன் சீட்டைப் பொறுக்கிக் கொடுத்தார்.

"உங்கள் பெண் கல்யாணத்துக்குத் தாராளமாகப் பந்தல் போடுங்கள்."

"அமைஞ்சிருச்சு!" என்று கூவினார் தாண்டவராயன். செண்பகவடிவு வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். மாலைக்குள் தெருவை அடைத்துப் பந்தல் எழுந்தது, வாழைமரம் சகிதம்.

மறுநாள் காலையில், கடைசித் தோரணத்தையும் கட்டிய பிறகு, இரண்டாவது வரியைப் படித்தார்கள். "மாப்பிள்ளையை மட்டும் எங்கள் வீட்டில் தேடாதீர்கள்."

தாண்டவராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, பையனைக் காணோமாம்!"

"வீட்டுக்குள்ளே அவங்களே தேடிப் பார்த்துட்டாங்கபோல" என்றார் சித்தப்பா. "அதான் அங்கே வேண்டாங்கிறார். பெரிய மனுஷன், நமக்கு அலைச்சலை மிச்சம் பண்றார்."

அசமந்தூரே கிளம்பியது. கிணறுகளில் எட்டிப் பார்த்தார்கள். வைக்கோல்போரைப் பிரித்துப் பார்த்தார்கள். மேலக்கரைக்கே போய், பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியபோது கூடவே வந்த மாப்பிள்ளை போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தட்டினார்கள். சங்கரபாண்டியன் வீட்டை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போனார்கள்.

அந்த வீட்டு வாசலுக்கு ஒரு இளைஞன் வந்தான். "யாரைங்க தேடுறீங்க?"

தாண்டவராயன் அவன் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்பிள்ளையைத்தான் தம்பி."

"அது நான்தானுங்களே!"

"இருக்கலாம் தம்பி, அச்சு அசலா அப்படியேதான் இருக்கீங்க. ஆனா இந்த வீட்டுல தேடக் கூடாதுன்னு உங்கப்பாவே எழுதிக் கொடுத்திருக்கார்" என்றார் தாண்டவராயன். பிறகு அவனைப் பக்குவமாக உள்ளே தள்ளி, கேட்டைச் சாத்திவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.