வெள்ளந்திபுரத்தில் எழும்பிய செக் நகர மன்றம்

வெள்ளந்திபுரம் நகராட்சியில் மொத்தம் எட்டு உறுப்பினர்கள். எட்டுப் பேருக்கும் எதிலும் ஒரே கருத்து. அதனால்தான் ஊர் உருப்படவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

செக் நாட்டில் லிப்னோவ் என்ற ஊரோடு இவர்களுக்குச் சகோதர நகர ஒப்பந்தம் ஆனது. அங்கே எழுநூறு வருஷப் பழைய நகர மன்றக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: 'அதைப் போலவே இங்கும் கட்டவும். அணுவளவு மாறினாலும் உங்கள் நகராட்சி கலைக்கப்படும்.' கூடவே, அந்தக் கட்டடத்தின் வரலாறு தமிழில் நாலு பக்கம்.

தலைவர் கொடிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதவிக்கு வந்தே ஆறு மாசம்தான்.

முதல் பக்கத்தை வாசித்தார்கள். 'மூன்று வணிகர்களின் வீடுகளை இணைத்து இம்மன்றம் உருவானது.'

"அப்போ நேரா மன்றம் கட்டக் கூடாது. முதல்ல மூணு வீடு கட்டணும்," என்றார் கொடிமுத்து.

"வீடு இருந்தா போதுமா தலைவரே? வியாபாரி குடியிருக்கணுமே," என்றார் துணைத்தலைவி பவளக்கொடி.

மூன்று வீடு எழும்பியது. ஒரு மளிகைக்காரர், ஒரு பாத்திரக்காரர், ஒரு கருவாட்டு வியாபாரி குடியேறினார்கள். பால் காய்ச்சிய மறுநாளே நடுச்சுவர்களை இடித்தார்கள். பாத்திரக்காரர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, 'முகப்பில் ஈரச் சுண்ணாம்பைச் சுரண்டி வரைந்த சித்திரங்கள்.' சுவர் சுரண்டத் தெரிந்தவர்களை பஸ் ஸ்டாண்டில் தேடிப் பிடித்து வந்தார்கள். சாயங்காலத்துக்குள் முகப்பு முழுக்க அம்பு பாய்ந்த இதயங்கள்.

'போரில் பாய்ந்த பீரங்கிக் குண்டு இன்றும் கோபுரச் சுவரில் இருக்கிறது.' இங்கேதான் சிக்கல்.

"குண்டைப் பதிச்சுப் பூசிடலாம்," என்றார் பொறியாளர் இன்னாசி.

"பதிச்சதுன்னு போட்டிருக்கா, பாய்ஞ்சதுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார் கொடிமுத்து.

"பாய்ஞ்சதுன்னுதான்."

"அப்போ போர் வேணும். யாரோட வச்சுக்கலாம்?"

பக்கத்து நகராட்சிக்கு மரியாதையாகக் கடிதம் போனது: 'வரும் செவ்வாய் காலை பத்து மணிக்கு எங்கள் மீது படையெடுத்து உதவவும்.' கூட்டத்துக்குப் போதுமான உறுப்பினர்கள் வராததால் அவர்கள் அதை ஒத்திவைத்துவிட்டார்கள். கடைசியில் கோயில் வேட்டுக்காரர் வந்து வேட்டுக்குழாயில் குண்டைப் போட்டுச் சுட்டார். குண்டு கோபுரத்தைத் தாண்டிப் போய்க் குடிநீர்த் தொட்டியில் பதிந்தது.

"குண்டு சரியாத்தான் இருக்கு. கோபுரம்தான் தள்ளி நிக்குது," என்றார் கொடிமுத்து. கோபுரத்தை இடித்து, தொட்டியைச் சுற்றிக் கட்டினார்கள்.

அதில் மாட்டிய கடிகாரத்தில் லிப்னோவ் நேரத்தையே வைத்தார்கள். இங்கே மத்தியானம் இரண்டரை ஆனால் அது பத்து காட்டும். ஊழியர்கள் கோபுரத்தைப் பார்த்து வேலைக்கு வந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து வீட்டுக்குப் போனார்கள்.

கூரை செங்குத்தாக இருப்பது பனி வழுக்கி விழுவதற்காகவாம். ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் பாளமாக மேலே ஏற்றி உருட்டினார்கள். முதல் பாளம் இன்னாசியின் ஸ்கூட்டர்மேல் இறங்கியது.

"விழுதா?" என்று மேலேயிருந்து கேட்டார் கொடிமுத்து.

"நல்லா விழுது தலைவரே," என்றார் இன்னாசி, அழாத குறையாக.

ஜனவரியில் திறப்பு விழா. லிப்னோவ் மன்றத்தின் காப்பாளர் ஓட்டக்கார் என்பவர் விருந்தினராக வந்தார். நல்ல மனிதர். நிமிர்ந்து பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார்: "என் ஊரிலேயே நிற்பது போல இருக்கிறது."

மேலிடத்து அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பதவி தப்பியது. கொடிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் ஓட்டக்கார் ஏர்போர்ட்டுக்குக் கார் கேட்டார்.

"எதுக்குங்க?" என்றார் கொடிமுத்து.

"ஊருக்குப் போகத்தான்."

"ஊர்லதானே நிக்கறீங்க? நீங்கதானே சொன்னீங்க?"

"ஐயா, வீட்டில் மனைவி காத்திருப்பாள்."

"வீடு எங்க?"

"மன்றத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மூன்றாவது வீடு."

"பொடிநடையா போயிடலாமே! இதுக்குப் போய்க் காரா?"

எட்டு உறுப்பினர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்கே குடியிருக்கும் ஒச்சம்மாள் கையில் கரண்டியோடு திறந்தார். பின்னால் அவர் கணவரும் இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

கொடிமுத்து விருந்தினரைப் பார்த்து வருத்தப்பட்டார். "வெளியூர் போகும்போது வீட்டைப் பூட்டிட்டுப் போகக் கூடாதா சார்? பாருங்க, யாரோ குடியேறிட்டாங்க."

"தலைவரே, இவங்களைக் காலி பண்ணச் சொன்னா பாவம், எங்க போவாங்க?" என்றார் பவளக்கொடி.

கொடிமுத்து ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "ஏர்போர்ட்டுக்குக் காரை வரச் சொல்லி இவங்களை ஏத்துங்க. லிப்னோவ்ல மன்றத்துக்குப் பின்னாடி இவங்க வீடு சும்மாத்தானே கிடக்கும்!"