நாலு முட்டி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல சிரிப்பு. ஆனால் இப்போதே கேட்கக் கூடாது. மாசானம் மகா கோபத்தோடு ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறான். முதலில் அவன் கோபத்தைக் கேட்டுவிடலாம். சிரிப்பு வரிசையில் நிற்கட்டும்.

மாசானம் பெரிய கபடி அணி ஒன்றுக்கு உடற்பயிற்சியாளன். வீரர்களின் கைகால் அவன் பொறுப்பு. அவனுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் ஜெபக்கனி மாஸ்டர். தூத்துக்குடி பைபாஸில் காலியாகக் கிடந்த ஓர் உப்புக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, அடிபட்ட ஆட்டக்காரர்களை எழுப்பி நடக்கவிடுகிற பெண்மணி. ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். மாசானத்தைவிட ஏழு வயதுதான் மூத்தவர் என்றாலும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவர் முன்னால் போய் நிற்பான்.

அன்று கழற்ற மறந்துவிட்டான்.

“செருப்பு,” என்றார் மாஸ்டர்.

கழற்றினான்.

“இப்ப சொல்லு.”

“ஒரு கேள்வி மாஸ்டர். ஒருத்தன் ஆடலாமா, ஆடக்கூடாதான்னு முடிவு பண்ண வேண்டியது யாரு?”

“யாரு பண்ணணும்னு சொல்லுதாங்க?”

அவ்வளவு போதுமாயிருந்தது.

“எல்லாரும் என்னையத்தான் காட்டுதாங்க. நாளைக்கு அரையிறுதி. பேச்சிமுத்துவுக்கு இடது முட்டி சரியில்ல. எப்படிச் சரியா இருக்கும்? மூணு மாசத்துல இருபத்தோரு ஆட்டம். ராத்திரி ஐஸ் கட்டுதோம், காலையில பஸ்ஸுல ஏத்துதோம், சாயங்காலம் ஸ்ப்ரே அடிச்சு உள்ள தள்ளுதோம். கால் என்ன இரும்பா? இரும்பா இருந்தாலும் இந்நேரம் தேஞ்சிருக்கும்லா?”

“தேஞ்சிருக்கும்.”

“டாக்டர்ட்ட கேட்டா, நான் வெளியூர்ல இருக்கேன், நீயே பாத்துக்கோங்காரு. கோச்சுட்ட கேட்டா, நீ ஃபிட்னு எழுதிக் குடு, நான் எறக்குதேங்காரு. மேனேஜர்ட்ட கேட்டா...”

“கேட்டா?”

“ஏலத்துல சண்டபோட்டு எடுத்த பயல பெஞ்சுல ஒக்கார வைக்கவான்னு என்னையக் கேக்காரு.”

“எப்படிக் கேக்காரு? அவரு பேசுத மாதிரியே சொல்லு.”

மாசானம் மேனேஜர் முரளிதரைப் போலப் பேசிக் காட்டினான். “‘லுக் மாசானம், நான் டாக்டர் கிடையாது. பட் எனக்குக் காமன் சென்ஸ் இருக்கு.’ எல்லாத்துக்கும் முன்னால ஒரு லுக்கு, நடுவுல ஒரு பட்டு.”

“மூக்காலயா, தொண்டையாலயா?”

“மூக்கால.”

“சரி. பேச்சிமுத்து என்ன சொல்லுதான்?”

“அவன் என்ன சொல்லுவான். லைட்டாத்தாண்ணே இருக்குங்கான்.”

“குரல் கட்டையா, கீச்சா?”

“கட்டையும் இல்ல கீச்சும் இல்ல. தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கும். இதெல்லாம் எதுக்குக் கேக்கீங்க?”

“சும்மா தெரிஞ்சுக்கிடத்தான்.”

கபடிக்காரர்கள் வாயில் அந்த ‘லைட்டா’வுக்குத் தனி அர்த்தம் உண்டு. எலும்பில் கீறல் விழுந்தாலும் லைட்டா. தோள் கழன்று தொங்கினாலும் லைட்டா. வலிக்கிறது என்று சொன்னவன் பெயர் அடுத்த வருடப் பட்டியலில் இருப்பதில்லை. அதனால் பிறந்த சொல்.

“அவன் லைட்டான்னதும் நீ நம்பிட்டியா?”

“நம்பல மாஸ்டர். ஆனா நான் என்ன செய்ய? கால் அவனோடது. அணி அவங்களோடது. அட்டவணை போட்டவன் எவனோ. கையெழுத்து மட்டும் என்னோடதா? எந்த ஊரு நியாயம் இது?”

“நியாயமே இல்ல. கேக்கக் கேக்க எனக்கே பத்திக்கிட்டு வருது,” என்றார் மாஸ்டர்.

மாசானத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“பேப்பர் கொண்டாந்திருக்கியா?”

“பையில இருக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.”

“இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. வந்ததுக்கு ஒரு உதவி செய். பின்னால ரூம்புல மூணு பேரு முட்டியப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. நீ பாரு, நான் எழுதிக்கிடுதேன். அதுக்குள்ள ஒம் மேனேஜருக்குப் போன் போட்டு பேச்சிமுத்துவையும் கூட்டிட்டு வரச் சொல்லுதேன்.”

“அவரு வருவாரா?”

“கேக்குத மாதிரி கேட்டா வருவாரு.”

மாஸ்டர் வெளியே போனார். “முரளிதர் சாரா? வணக்கம் சார், நான் மாசானத்தோட மாஸ்டர் பேசுதேன். இங்கதான் சார், பைபாஸு, உப்புக் கிடங்கு...” என்று அவர் பேசுவது மாசானத்துக்குக் கேட்டது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முட்டி பார்க்கிறவன் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். முட்டியின் மேல் மெல்லிய துணி போட்டுத்தான் தொட வேண்டும். கண் முகத்தைப் பார்க்கும், பனியன் நம்பரைப் பார்க்கும், விரல்தான் மூட்டைப் பார்க்கும் என்பார் மாஸ்டர். அவர் சொல்லும்வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. மாசானம் எட்டு வருடம் அங்கே கற்றபோது இதை ஆயிரம் தடவை செய்திருப்பான்.

ஐஸ் வைக்கிற துண்டை மடித்து மாஸ்டர் அவன் கண்ணைக் கட்டினார். மாசானம் ஒரு நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். தகரக் கூரை போட்ட கிடங்கு அது. எல்லாக் குரலும் மேலே மோதிவிட்டுத்தான் காதுக்கு வரும்.

கதவு கிறீச்சிட்டது. யாரோ காலை இழுத்து இழுத்து நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“வணக்கம்ணே. வெளாத்திகொளம் பக்கம்ணே. கால ஊன முடியலண்ணே.”

மாசானம் துணியின் மேல் கைவைத்தான். இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்தான். மேசை டிராயர் திறப்பது போல எலும்பு அரை விரற்கடை நழுவி வந்தது. உள்ளே பிடித்து நிறுத்த வேண்டிய நார் அறுந்துபோயிருந்தது.

“இதோட எத்தன ஆட்டம் ஆடுன தம்பி?”

“ஏழுண்ணே. ஆடலன்னா ஊருப் பேரு போயிரும்னாங்கண்ணே.”

“எவன் சொன்னான்? கால் பாக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடவா அங்க இல்ல?”

“இருந்தாருண்ணே. ஆடலாம்னாருண்ணே.”

“அவன் மனுசனா? அவனப் புடிச்சு உள்ள வைக்கணும். ஒரு சின்னப் பையன் கால நாசம் பண்ணிட்டு அவன் எப்படிச் சோறு திங்கான்?” மாசானம் காலை மெதுவாகக் கீழே வைத்தான். “தம்பி, மைதானம் பக்கமே போகாத. ஆபரேஷன் வேணும். ஒரு வருஷம். எழுதிக்கோங்க மாஸ்டர், கூடவே கூடாது.”

“எழுதிட்டேன்,” என்றார் மாஸ்டர்.

கால் இழுபடும் சத்தம் போனது. கதவு. பிறகு தடித்த செருப்புச் சத்தம் வந்தது.

“இன்னா சார், சீக்கிரம் பாரு. நானு இருவது வர்சமா கார்னர்ல நின்னு புடிக்கிறவன். இத்தெல்லாம் எனுக்கு ஒண்ணியும் கெடியாது.”

அதட்டுகிற குரல். மாசானம் இழுத்தான். அரை விரற்கடை.

“அண்ணே, நார் போயிருக்கு. ஆறு மாசம் ஆடாதீங்க.”

“ஆறு மாசமா? இன்னா நைனா, ஆறு மாசத்துல எம் பொண்டாட்டியே என்னை மறந்துடும். டீமு மறக்காதா? நீ இன்னா படிச்சிக்கிற?”

“நான் நல்லாத்தான் படிச்சிருக்கேன்.”

“படிச்சவன் ஒய்ங்கா சொல்லு.”

“சரி. மூணு மாசம். அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்.”

“எழுதவா?” என்றார் மாஸ்டர்.

“எழுதுங்க.”

அடுத்து வந்தவர் நடப்பதே தெரியவில்லை. அவ்வளவு பதவிசு.

“ஏனுங்க, சிரமப்படுத்தறனுங்களா? சனிக்கெழம ரயில்வே செலக்‌ஷனுங்க. ஆடிப்போட்டா வேலைங்க. வூட்டுல அம்மிணிக்கு ஏழாவது மாசமுங்க.”

இழுத்தான். அரை விரற்கடை. காலைப் பிடித்தபடியே இருந்தான்.

“ஒரே ஒரு ஆட்டம்தான?” என்றான்.

“ஒண்ணே ஒண்ணுங்க.”

“கட்டு இறுக்கிப் போட்டுக்கிட்டு நில்லுங்க. பாட மட்டும் போகாதீங்க.”

பாடப் போவதென்றால், மூச்சைப் பிடித்துக் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே எதிரணிக்குள் நுழைவது. முட்டி திருகுவதெல்லாம் அங்கேதான்.

“பாடாம சும்மா நின்னா எடுத்துக்குவாங்களுங்களா?”

“எடுத்துக்குவாங்க,” என்றான் மாசானம். எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே பைபாஸில் ஏதோ வண்டி நின்று கிளம்பியது. கதவு கிறீச்சிட்டது. பூட்ஸ் சத்தம் வந்தது.

“லுக் மாசானம், இங்க என்ன கண்ணாமூச்சி விளையாடறீங்களா?”

மாசானத்தின் கை துண்டுக்குப் போனது.

“முடிச்சத் தொடாத,” என்றார் மாஸ்டர். “இங்க இதுதான் சார் வழக்கம். நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க. தம்பி, நீ ஒக்காரு.”

நாற்காலி முனகியது.

“லைட்டாத்தாண்ணே இருக்கு,” என்றது தூங்கி எழுந்த குரல்.

மாசானம் இழுத்தான். அரை விரற்கடை. மறுபடி இழுத்தான், இந்தத் தடவை மெதுவாக. மெதுவாக இழுத்தால் கொஞ்சமாகத்தான் நழுவும்.

“எப்படி இருக்கு?” என்றார் மேனேஜர்.

“கொஞ்சம் லூஸா இருக்கு சார்.”

“லூஸ்னா என்ன? ஃபிட்டா, அன்ஃபிட்டா? நான் டாக்டர் கிடையாது. பட் அஞ்சு மணிக்குப் பேப்பர் போகணும்.”

“நாளைக்கு ஒரு நாள்தாண்ணே,” என்றான் பேச்சிமுத்து. “டிவியில ஊரே பாக்கும்ணே.”

மாசானத்துக்கு மறுபடி கோபம் ஏறியது. ஏலம் எடுக்கும்போது அவனைக் கேட்டார்களா? அட்டவணை போடும்போது கேட்டார்களா? வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல இந்தப் பயலுக்கு என்ன கேடு? எல்லாரும் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, கடைசியில் ஒரு முட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் அவன் என்ன கடவுளா? வேலை போனால் இவர்களில் ஒருத்தராவது வந்து பார்ப்பார்களா?

“டேப் நல்லா சுத்திவிடுதேன் சார். ஆடலாம்.”

“பாடப் போலாமா?”

“போலாம்.”

“அப்ப?”

“ஃபிட் சார்.”

“வெரி குட்,” என்று மேனேஜர் சிரித்தார்.

மூக்கில் தொடங்கி வயிற்றில் போய் முடிகிற சிரிப்பு. தகரத்தில் மோதிக் கிடங்கு முழுக்க உருண்டது. மேனேஜர் சிரிக்கச் சிரிக்க, மாசானத்தின் கைகளுக்குள் இருந்த பேச்சிமுத்துவின் முட்டி குலுங்கியது.

சிரிப்பு நின்றது. முட்டியும் நின்றது.

“சார்,” என்றான் மாசானம். “இன்னொரு தடவ சிரிங்க.”

மேனேஜர் சிரித்தார். முட்டி குலுங்கியது.

மாசானம் துணியின் மேல் விரல்களை ஓட்டினான். இடது கால். கெண்டையைப் பிடித்து இழுத்தான். அரை விரற்கடை. விளாத்திகுளத்துத் தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவு. சென்னைக்காரருக்கு எவ்வளவோ அவ்வளவு. ரயில்வே செலக்‌ஷன்காரருக்கும் அதேதான்.

“மாஸ்டர்.”

“சொல்லு.”

சொந்தக் குரல். அது நாற்காலியிலிருந்து வந்தது.

“ரூம்புல மூணு பேரு இருக்காங்கன்னீங்க?”

“யாரும் இல்ல.”

“போன்ல பேசுனது?”

“செவுத்துக்கிட்ட பேசுனேன்.”

“அப்ப நாலு பேரு காலும்...”

“இந்த ஒரு கால்தான். ஒரு வருஷம்ன, மூணு மாசம்ன, நின்னுக்கோன்ன, பாடப் போன்னுட்ட.”

மாசானம் கண்கட்டை அவிழ்க்கவில்லை. அவர் காலையும் விடவில்லை.

“கல்யாணம் ஆனதாலதான் நீங்க ஆட்டத்த விட்டீங்கன்னுல்லா மாஸ்டர் எல்லாரும் சொல்லுவாங்க.”

மாஸ்டர் முட்டியின் மேல் கிடந்த துணியை எடுத்து நாலாக மடித்தார்.

“இந்தக் காலுக்கும் ஒருத்தன் ஃபிட்னு எழுதிக் குடுத்தான்,” என்றார். “அவனும் அன்னைக்கு எல்லார் மேலயும் கோவமாத்தான் இருந்தான்.”