இறவாரத்தான் தட்டாமல் விட்ட தட்டு

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனுஷருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, நம் மேற்கு மலை உச்சியிலும் பனி கொட்டும். புல் நுனியில் வெள்ளையடித்துவிட்டு வெயிலைக் கண்டதும் ஓடிப்போகிற இந்தக் காலத்துப் பனி இல்லை. முழங்கால் அளவு, இடுப்பளவு! மார்கழியில் கூரைமேல் ஏறி உட்கார்ந்தால் மாசி வரைக்கும் இறங்காது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம், கதையை மட்டும் கேளுங்கள்.

அங்கே மேலட்டி என்று ஒரு சின்ன ஊர். கல்சுவர், பலகைக் கூரை, எல்லா வீடும் அப்படித்தான். ஊர் முழுக்க விதைக்க வேண்டிய சாமையை ஒரே வீட்டுப் பரணில் வைப்பார்கள், வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை. விதை இருக்கிற வீட்டில் பனிக்காலம் முழுக்க அடுப்பு அணையக்கூடாது என்பது ஊர்க்கட்டு. சூடு இருந்தால் பூச்சி அண்டாது, ஈரம் அண்டாது என்று எண்ணம். அதற்காக மற்ற வீட்டுப் பெண்கள் தினமும் ஆளுக்கொரு கட்டு விறகு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் முறை சடைச்சியின் வீட்டுக்கு வந்தது. சடைச்சி சும்மாவே ஓரிடத்தில் உட்காராதவள். வாயில் வைத்த சோற்றை மென்றுகொண்டே எழுந்துபோய், கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற ரகம். அவளிடம் போய் ஊர் விதையைக் கொடுத்தால் கேட்க வேண்டுமா? பரணுக்குப் போகிற மர ஏணியில் நாள் முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். அங்கே விதைச் சாமை நிறைந்த ஆளுயரக் குதிர்கள் மூன்று நின்றன. பரணிலேயே வைத்து முடைந்தவை, நகர்த்த முடியாது. ஏறிப்போய் மூன்றையும் தொட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

"வெதை என்ன நடந்தா போயிடும்? செத்த உட்காரு புள்ளே," என்பான் அவள் புருஷன் பூதன்.

"நீங்க உட்காருங்க மாமா, ரெண்டு பேருக்கும் சேர்த்து," என்று சொல்லிக்கொண்டே அடுத்த தடவை ஏறிவிடுவாள்.

கூரை, சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, இறவாரம், அதன் அடியில் ஒரு பறவை குடியிருந்தது. இன்றைக்கு நாம் அதை மரங்கொத்தி என்கிறோம். அன்றைக்கு அந்தப் பெயர் ஏது? கொத்தினால்தானே பெயர் வரும்! உளி மாதிரி அலகை வைத்துக்கொண்டு அது எதையுமே கொத்தியதில்லை. பலகை இடுக்கில் புழு, சடைச்சி வீசுகிற ஒரு வாய்ச் சோறு, சுவரிலிருந்து வருகிற இதமான சூடு, வேறென்ன வேண்டும்? இறவாரத்தான் என்று கூப்பிடுவார்கள். சுத்தச் சோம்பேறி. தலையும் அப்போது கன்னங்கரேலென்று இருந்தது.

தை பிறந்த நாலாம் நாள் காலையில் சடைச்சி பரண் ஏறினாள். முதல் குதிரின் மூடியில் கை வைத்தால் ஈரம். அண்ணாந்து பார்த்தாள். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. ஓடி இறங்கி வாசலுக்கு வந்தால், மழையும் இல்லை, மப்பும் இல்லை, வானம் துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது.

"டேய் இறவாரத்தான்! நீ மேலேயே கிடக்கிறவன்தானே, எங்கிருந்துடா தண்ணி வருது?"

அதற்குத் தெரியும். விடியும்போதே கூரையில் ஏறிப் பார்த்திருந்தது. அடுப்புச் சூடு பரண் வழியாக ஏறிப்போய், பலகையை ஒட்டிக் கிடந்த பனியை அடியிலேயே உருக்கியிருந்தது. உருகின தண்ணீர் சரிவில் வழிந்து இறவாரத்துக்கு வந்தது. இறவாரத்துக்கு அடியில் அடுப்பா எரிகிறது? வந்த இடத்தில் விறைத்துக் கட்டியாகிவிட்டது. பின்னால் வந்ததும் அதன்மேல் ஏறிக் கட்டியானது. இப்படியே கூரை நுனி நெடுக ஒரு முழ உயரத்துக்குப் பனிக்கட்டி வரப்பு! வரப்புக்குப் பின்னால் தண்ணீர் குளமாகத் தேங்கி, போக வழி இல்லாமல் பலகை இடுக்கில் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தக் குளம்! மலையில் ஓடையெல்லாம் கல்லாகக் கிடந்தபோது, உறையாத தண்ணீர் அங்கே ஒன்றுதான் இருந்தது. இறவாரத்தான் அதில் இறங்கி, இறக்கையை விரித்து ஒரு குளியல் போட்டிருந்தது. அந்தச் சுகத்தை விட அதற்கு மனம் வரவில்லை.

"தெரியலையே அக்கா," என்றது. "குளிருக்கு அப்படித்தான் வேர்க்கும்போல. அடுப்பை இன்னும் நல்லா எரிச்சுப் பாரேன்."

படுபாவிப் பறவை!

சடைச்சி எரித்தாள். விதை நனைகிறதாமே என்று கேள்விப்பட்டு ஊர்ப் பெண்கள் இரண்டு கட்டாக விறகு கொண்டுவந்தார்கள். எரிக்க எரிக்கச் சொட்டு கூடியது. மறுநாள் பரணெல்லாம் சட்டியும் பானையுமாக வைத்தாள். அடுத்த நாள் சுவர் வழியாக இறங்கித் தரை சேறானது. விதையைக் கீழே அள்ளிக் கொட்டலாம் என்றால் கொட்ட உலர்ந்த இடம் இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்ல முடியாது, இரண்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தன. ஏணி, அடுப்பு, வாசல், மறுபடியும் ஏணி. ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "ஏதாச்சும் தெரியுதாடா?" என்று கேட்பாள். "ஒண்ணும் தெரியலை அக்கா," என்று குளத்திலிருந்து பதில் வரும்.

ஒழுகத் தொடங்கின நாலாம் நாள் பூதன் கோடரியோடு கூரை நுனிக்கு ஏறினான். பனி வரப்பைப் பார்த்ததும், "இதான் கழுதை!" என்று ஓங்கி ஒரு போடு போட்டான். வரப்பு அசையவில்லை, அடியில் இருந்த பலகை பிளந்துகொண்டது. தண்ணீர் குடம் கவிழ்த்தாற்போல் பரணில் இறங்கியது. பேயறைந்தவன் மாதிரி அவன் இறங்கி வந்து, பிளவில் துணியைத் திணிக்க உள்ளே ஓடினான்.

ஐந்தாம் நாள் சடைச்சி முதல் குதிரில் முழங்கை வரை கைவிட்டு ஒரு பிடி எடுத்தாள். சாமை வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. இரண்டாவது குதிரிலும் அதே கதி, புளித்த வாடை வேறு. மூன்றாவதைத் திறக்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்த ஒரு பிடியை மடியில் கொட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இறவாரத்தான் பாதிக் குளியலில் நின்றது. என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. ஏணிச் சத்தம் இல்லை. அது குஞ்சாக இருந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சடைச்சியின் காலடி ஓய்ந்ததே இல்லை. பலகைப் பிளவில் துணி அடைக்காத ஓரமாக ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தது.

"மழை வந்தா எதை விதைப்பாங்க?" என்று சடைச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்ப் புள்ளைங்க அடுத்த வருஷம் எதைத் திங்கும்? என்னை நம்பித்தானே குடுத்தாங்க!" கண்ணீர் முளைச் சாமையின்மேல் விழுந்தது.

அவளை விட்டுப் போன பரபரப்பு பறவைக்குள் புகுந்துகொண்டது. அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளவு வழியாகவே கத்தியது.

"அக்கா! அடுப்பை அணை!"

"என்னது? வெதை வீட்டு அடுப்பையா? ஊரு என்னைச் சும்மா விடுமா?"

"அந்த அடுப்புதான் அக்கா கூரையை ஒழுக வைக்குது. சூட்டுல பனி உருகுது, இறவாரத்துல வந்து உறைஞ்சு அணை கட்டுது. பின்னால நிக்கிற தண்ணிதான் உள்ளே வருது. நான் அதுலதான் குளிச்சேன். எனக்கு முதல் நாளே தெரியும்."

சடைச்சி அந்தக் கண்ணையே பார்த்தாள். ஏணியில் இறங்கினாள். குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள். வீடெல்லாம் புகை. விறகுக் கட்டோடு வந்த பெண்கள் வாசலிலேயே கட்டைப் போட்டுவிட்டு, "ஐயோ, வெதை வீட்டு அடுப்பை அணைச்சுட்டாளே பாவி!" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். அவள் கதவில் சாய்ந்து நின்று கூரையைப் பார்த்தாள்.

மேலே இறவாரத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொத்தத் தொடங்கியிருந்தது. கோடரி போட்டால் பலகை பிளக்கும், இந்த அலகுக்குப் பிளக்காது. வரப்பில் ஒரு விரல் அகலத்துக்குக் கால்வாய் வெட்டியது. டக் டக் டக் என்று ஊரே கேட்டது. தலையை ஓங்கி ஓங்கிக் கொத்தியதில் சில்லுகள் தெறித்து உச்சந்தலை கிழிந்தது. ரத்தம் கண்ணில் வழிந்தும் நிறுத்தவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கால்வாய் திறந்து, தேங்கின தண்ணீர் அத்தனையும் வாசலில் கொட்டியது. அடுப்பு ஆறின கூரையில் புதிதாக ஒரு சொட்டும் உருகவில்லை.

சடைச்சி ஏறிப்போய் மூன்றாவது குதிரைத் திறந்தாள். மேலே ஒரு சாண் ஈரம். அதற்குக் கீழே எல்லாம் உலர்ந்த விதை, கையில் கலகலவென்று உதிர்ந்தது. மூன்றில் ஒன்று மிஞ்சியது. அந்த வருஷம் மேலட்டி மூன்றில் ஒரு பங்கு நிலத்தில்தான் விதைத்தது, மீதி நாளுக்குக் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றது. விதை வீட்டில் பனிக்காலத்தில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஊர்க்கட்டையும் மாற்றினார்கள்.

அது பிற்பாடு. அன்றைக்கு, இறவாரத்தான் சிவந்த தலையோடு வாசற்படியில் வந்து நின்றது.

"என்னைத் திட்டு அக்கா."

சடைச்சி முந்தானையால் அதன் தலையைத் துடைத்தாள். சிவப்பு போகவில்லை.

"திட்டி என்னடா ஆகப்போகுது? முதல் நாளே வந்து கதவுல ஒரு தட்டு தட்டியிருக்கலாமே. ஒரே ஒரு தட்டு."

இரண்டு அடி அடித்திருந்தால்கூட அது தாங்கியிருக்கும். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. இறவாரத்துக்குத் திரும்பாமல் நேரே காட்டுக்குப் பறந்தது. வழியில் வந்த முதல் மரத்தில் தொற்றிக்கொண்டு, டக் டக் என்று தட்டிவிட்டு, உள்ளே ஏதாவது கெட்டுக்கொண்டிருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டது. பிறகு அடுத்த மரத்துக்குப் போனது.

அன்று முதல்தான் மரங்கொத்திக்குத் தலை சிவப்பு. அன்று முதல்தான் அது ஒரு மரத்திலும் நிலைகொள்ளாமல் காடு முழுக்கத் தட்டிக்கொண்டே திரிகிறது. எத்தனை தட்டினாலும், தட்டாமல் விட்ட அந்த ஒரு தட்டு அதற்கு ஆறவே இல்லை.