லாரி பேட்டரி

மில் முதலாளி தணிகைவேலின் காரில் பேட்டரி செத்துப்போனது.

"ஊரிலேயே பெரிய பேட்டரி என் கார்லதான் இருக்கணும். லாரி பேட்டரியா வாங்கி மாட்டு. முடியலைன்னா சாவியை வச்சிட்டுப் போ" என்றார்.

"சரிங்க முதலாளி" என்று கிளம்பினார் டிரைவர் செல்லக்கண்ணு.

திரும்பியவர் கையில் பேட்டரி இல்லை. பன்னிரண்டாம் நம்பர் செருப்பு இருந்தது. முதலாளிக்கோ ஏழாம் நம்பர் கால்.

"கடையிலேயே பெரிசுங்க. உங்க அந்தஸ்துக்குன்னு வாங்கினேன்."

போட்டு இரண்டடி வைத்த முதலாளி தடுமாறிப்போனார்.

"அளவு பாக்க வேண்டாமாய்யா?"

செல்லக்கண்ணு சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து, பேட்டரி உட்காரும் தட்டைச் சாண் போட்டுக் காட்டினார்.

"இதுக்கும் அளவு இருக்குதுங்க."

முதலாளி குனிந்து, தானும் ஒரு சாண் வைத்துப் பார்த்தார்.

"பழைய பேட்டரியில என்ன நம்பர் போட்டிருக்கோ, அதையே வாங்கிட்டு வா" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.